பர்வதமலை: வெளிச்சத்தில் ஏற வேண்டிய மலை

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அண்ணாமலையை வலம் வந்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சாலை வழியே வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால், போளூருக்கும் செங்கத்துக்கும் நடுவே, கலசபாக்கம் வட்டாரத்து வயல்களுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது பர்வதமலை. வட மாவட்டத்துச் சிவபக்தர்களுக்கு இது பழகிய பெயர். மதுரைப் பக்கமோ கோவைப் பக்கமோ போய்ச் சொன்னால், அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

உயரம் 4,560 அடி என்று ஊரில் சொல்கிறார்கள். ஏற்காடு இதைவிடச் சற்று உயரம்தான். ஆனால் ஏற்காட்டுக்குப் பேருந்து போகிறது. இங்கே அடிவாரம் தாண்டினால் உச்சிவரை கால்நடைதான். கடைசிப் பகுதியில் கால் மட்டும் போதாது, இரண்டு கையும் வேண்டும். அதனால்தான் இந்த மலைக்கு இந்த நூலில் ஒரு தனி அத்தியாயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பர்வதமலையை இரவில் ஏறாதீர்கள். பௌர்ணமி இரவில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, விடியலில் உச்சியில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குவதைப் பலரும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். வெயில் இல்லை, துணைக்கு ஆள் உண்டு, நிலவு இருக்கிறது என்பார்கள். நிலவு மரத்துக்கு மேலேதான் இருக்கும். மரத்துக்கு அடியில், கால் வைக்கும் கல்லில் அது விழாது. கூட்டம் துணையாவதும் கீழ்ப்பாதி வரைதான். மேலே சங்கிலியைப் பிடித்து ஏறும் இடத்தில், முன்னால் நிற்பவர் நகராமல் பின்னால் வருபவர் நெருக்கும்போது அந்தக் கூட்டமே ஆபத்து. வெயிலுக்கு அஞ்சினால் விடியற்காலையில் தொடங்குங்கள். சாதாரண வார நாளில் வாருங்கள். மலை உங்களுக்கே உங்களுக்காகக் கிடைக்கும்.

இதை முதலில் சொன்னவன் நானில்லை. இந்தப் பக்கத்து மலைவழிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு வழிகாட்டி எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம்தான் அது. 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர் தலைவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு. நன்னனுடைய நவிர மலையும், அதில் உறையும் காரியுண்டிக் கடவுளும் அதில் வருகிறார்கள். அந்த நவிரம் இந்தப் பர்வதமலைதான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். பாட்டில் ஓடும் சேயாறு இன்றும் செங்கத்தையும் கலசபாக்கத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது.

பள்ளிக்கூடத்தில் இதை இலக்கியமாகப் படித்திருப்போம். மலையேறப் போகிறவர் கையில் இது வேறு விதமாகத் திறக்கும். தினைப்புனத்துக்கு வரும் பன்றிக்காகக் குறுகலான இடங்களில் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் போகாமல் நன்றாக விடிந்தபின் போங்கள் என்கிறது. பாசி படிந்த வழுக்குப் பாறையில் பக்கத்துச் செடிகொடிகளைப் பற்றிக்கொண்டு நடங்கள் என்கிறது. பொழுது சாய்ந்துவிட்டால் மேலே போகாதீர்கள், பாறைக் குகைக்குள் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்து தங்கிவிட்டு விடியலில் எழுந்து போங்கள் என்கிறது. கவண் கல் பறந்து வந்தால் பெரிய மரத்தின் பின்னால் ஒதுங்கச் சொல்கிறது. இப்போது பன்றிப் பொறியும் இல்லை, கவண் எறிவாரும் இல்லை. ஆனால் மேலே ஏறுபவர் கால்பட்டு உருண்டு வரும் கல் உண்டு. அதற்கும் மரத்தின் பின்னால் ஒதுங்குவதுதான் வழி. மலையை அறிந்த ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியதாகவே எனக்கு அது படுகிறது.

போய்ச் சேரும் வழி

போளூர்–செங்கம் சாலையில் போளூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் தென்மாதிமங்கலம் இருக்கிறது. ஏட்டில் தென்மகாதேவமங்கலம்; பேருந்து நடத்துநரிடம் தென்மாதிமங்கலம் என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். அங்கிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ கிடைக்கும். நடந்தும் போகலாம், ஆனால் அந்தத் தார்ச்சாலையில் காலைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் யோசனை. மற்றொரு வழி கடலாடியிலிருந்து ஏறுகிறது. இரண்டும் மேலே போய் ஒன்று சேர்ந்துவிடும். கடலாடி வழியில் காடு அதிகம், ஆள் நடமாட்டம் குறைவு. முதன்முறை வருகிறவர்கள் தென்மாதிமங்கலம் வழியில் ஏறி அதே வழியில் இறங்குங்கள்.

மலை காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. அடிவாரத்தில் வனத்துறையின் சோதனை உண்டு. எந்த நேரத்துக்குள் ஏற விடுவார்கள், மழை நாளில் விடுவார்களா என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். முந்தின நாளே ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சோதனைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியை யாராவது காட்டினால் மறுத்துவிடுங்கள்.

கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் பாறை காய்ந்து, பத்து மணிக்கே கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் இந்த மாவட்டத்தில் மதியம் வரை வானம் வெளுத்திருந்து, மாலையில் திடீரென்று இடியோடு மழை பிடிக்கும். அந்த மாதங்களில் ஏறினால் பகல் பன்னிரண்டுக்குள் சங்கிலிப் பகுதியைத் தாண்டிக் கீழே வந்துவிட வேண்டும். மேலே எங்கும் இரும்பு. மின்னலின்போது அங்கே இருக்கக்கூடாது. மழைக்குப் பின் அடிவாரத்து ஓடைகளையும் அற்பமாக எண்ணாதீர்கள். போகும்போது காலை நனைத்த தண்ணீர், திரும்பும்போது இடுப்பை எட்டி இழுக்கும். நீர் வடியும்வரை இக்கரையிலேயே உட்கார்ந்திருப்பதுதான் சரி.

ஏற்றம்

அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். வெளியே வரிசையாக முனிகள், விழித்த கண்ணும் ஓங்கிய கையுமாக, நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே கும்பிட்டுவிட்டு, வீரபத்திரர் கோயிலைத் தாண்டினால் படிகள் தொடங்கும். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பலர் தங்கள் தெம்பையெல்லாம் இந்தப் படியிலேயே இறைத்துவிடுகிறார்கள். ஒரே அளவில் கட்டிய படி ஆதலால் கால் தானாக வேகம் பிடிக்கும், அதை அடக்குங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிச் சொல் துண்டு துண்டாக வந்தால் நீங்கள் விரைகிறீர்கள்.

படி முடிந்ததும் பாதை கல்லும் வேருமாக மாறும். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும். உசிலும் வெப்பாலையும் மூங்கில் புதரும் இருபுறமும் நெருங்கி வரும். மாசிக்குப் பிறகு இலை உதிர்ந்துவிடும், நிழலை எதிர்பார்க்க முடியாது. மார்கழியில் வந்தால் நல்ல நிழல். பாதை கண்ணுக்குத் தெரியும் என்றாலும், ஆட்களும் ஆடுமாடும் குறுக்கே வெட்டிக்கொண்டு போன தடங்கள் இடையிடையே பிரியும். பெரும்பாலானவர் மிதித்து வழவழப்பான கல் எது என்று பாருங்கள், அதுதான் வழி. கிளைத்தடத்தில் கல் சொரசொரவென்று தூசியோடு இருக்கும். குழுவாக வந்து, பின்னால் வருபவர் தங்கிவிட்டால், பிரிவில் அவர்களுக்காகக் காத்திருங்கள். மலைபடுகடாமில் இதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. பாதை பிரியுமிடத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, பின்னால் வருகிற புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறது. கைப்பேசியில் தடம் பிடிக்காத இந்தச் சரிவில் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பாறையில் சுண்ணாம்பாலும் பெயிண்டாலும் பெயர் எழுதி வைக்கிறார்களே, அதைச் செய்யாதீர்கள். புல் முடிச்சு ஒரு மழையில் அவிழ்ந்துவிடும், யாருக்கும் பாரமில்லை.

அடிவாரத்திலிருந்து நாய் ஒன்று உங்களோடு ஏற ஆரம்பித்தால் வியக்க வேண்டாம். பைரவர் துணை வருகிறார் என்று பக்தர்கள் சொல்வார்கள். குரங்குகள் துணைக்கு வருவன அல்ல. கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை அவற்றின் கண்ணில் பட்டால் போயிற்று. சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து வாயைக் கட்டிவிடுங்கள். சங்கிலியில் நிற்கும்போது எதைப் பறித்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு பொட்டலத்துக்காகக் கையை எடுக்கக்கூடாத இடம் அது.

செங்குத்தான ஏற்றத்தை இங்கே நெட்டு என்கிறார்கள். 'இன்னும் எத்தனை நெட்டுங்க அண்ணா?' என்று மேலிருந்து இறங்குகிறவரிடம் கேளுங்கள். 'தோ, ரெண்டு நெட்டுதாம்மா, வந்திடுச்சு' என்பார். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஏறுகிறவர் மனம் தளரக்கூடாது என்று பாதியாக்கிச் சொல்வது இந்த மலையின் வழக்கம். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நல்ல நடையுள்ளவருக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடப்பாறை நெட்டு

மரங்கள் பின்தங்கி, மொட்டைப் பாறை முதுகு தொடங்கும் இடத்தில் மலையின் குணமே மாறிவிடும். முன்னோர்கள் பாறையில் துளையிட்டுக் கடப்பாறைகளை அறைந்து, அவற்றையே படியாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் இரும்புச் சங்கிலி. பின்னாளில் இரும்பு ஏணிப்படியும் கம்பிப் பிடியும் வைத்த பாதை வேறாக வந்தது. இரண்டு பாதையும் உச்சிக்குத்தான் போகின்றன. உயரத்தில் தலை சுற்றுகிறவர்கள், சிறுவர்களோடு வந்தவர்கள், பாறை ஈரமாக இருக்கும் நாளில் வந்தவர்கள், யோசிக்காமல் ஏணிப்படிக்குப் போங்கள். கடப்பாறை வழியில் ஏறினால்தான் ஏறியதாகும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடப்பாறை வழியில் ஏறுகிறவர்கள் சங்கிலியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் வெளிப்புறமும் கைபட்டுக் கைபட்டு வெள்ளிபோல் மினுங்கும். கண்ணியும் கண்ணியும் சேரும் உள்மடிப்பில் துரு அப்பியிருக்கும். மினுங்கும் பக்கத்தை உள்ளங்கையில் வாங்கிப் பிடியுங்கள். உள்மடிப்பில் விரல் போனால், சங்கிலி இறுகும்போது நசுங்கிவிடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முன்பே கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

சங்கிலியைப் பிடித்ததும் அதை இழுத்துக்கொண்டு மேலே போகத்தான் எல்லாருக்கும் தோன்றும். அப்படி ஏறினால் பத்தடியில் முன்கை மரத்துப்போகும். உடம்பின் பாரம் முழுக்கக் காலில் இருக்கட்டும். சங்கிலி உங்களைச் சாயாமல் நிறுத்துவதற்கு மட்டும். இரண்டு கை, இரண்டு கால் என நான்கில் மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் நகர வேண்டும். கடப்பாறையில் விரல் நுனியால் நிற்காதீர்கள். அது உருண்டையானது, பாதத்தின் நடுப்பகுதி அதில் படும்படி வைத்து, குதிகாலைச் சற்றே தாழ்த்துங்கள். ஒரு துண்டுச் சங்கிலியில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும். கீழே இருப்பவர் சங்கிலியை அசைத்தால் மேலே இருப்பவரின் பிடி நழுவும். ஆகவே முன்னவர் மேலே போய், 'வாங்க' என்று குரல் கொடுத்தபின் அடுத்தவர் கைவைக்க வேண்டும். நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு, பாறையின் பிடிமானம் காலுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் அடிப்பகுதி மழுங்காத ரப்பர் காலணியில் வாருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம்.

நடுவில் பயம் பிடித்துக்கொள்ளலாம். அது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை. கண்ணை மூடாதீர்கள், கீழேயும் பார்க்காதீர்கள். மூக்குக்கு நேரே உள்ள பாறையைப் பார்த்து நாலைந்து முறை ஆழமாக மூச்சு விடுங்கள். அதற்குமேலும் கால் நடுங்கினால் திரும்பிவிடுங்கள். கூட வந்தவர்கள் பயந்தவரைத் தனியே இறங்க விடாமல், ஒருவராவது அவருக்குக் கீழே முன்னதாக இறங்க வேண்டும்.

உச்சி

மேலே இடம் குறுகல். சிறிய கோயில்; சுவாமி மல்லிகார்ஜுனர், அம்பாள் பிரமராம்பிகை. ஸ்ரீசைலத்துச் சுவாமி, அம்பாளின் பெயர்களேதான். பெரிய கோயில்களில் கயிற்றுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே நம்ப முடியாத ஒன்று காத்திருக்கிறது: பக்தர்கள் தாங்களே தண்ணீர் ஊற்றி, பூப்போட்டு வழிபடும் வழக்கம் இந்த மலையில் உண்டு. கீழிருந்து சுமந்துவந்த தண்ணீரில் ஒரு செம்பைச் சுவாமிக்கு ஒதுக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமி நம்பிக்கை இல்லாமல் நடைக்காகவே வந்தவர்களும் கொஞ்ச நேரம் அங்கே அமைதியாக உட்காருங்கள்.

வானம் தெளிந்த நாளில் தெற்கே அண்ணாமலை தனியாக எழுந்து நிற்பது தெரியும். ஜவ்வாது மலை ஒரு பக்கம் அடுக்கடுக்காக நீலத்தில் கரைந்துகொண்டே போகும். கீழே ஏரிகள், ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால் எண்ணி மாளாது. பெருங்கௌசிகனார் மலையில் எழும் ஓசைகளை வரிசையாக அடுக்குகிறார்: அருவி, தேன் எடுப்பவர் ஆரவாரம், கிளி ஓட்டும் மகளிர் குரல், தினை குற்றும் பாட்டு, காயம்பட்ட கணவனுக்காக மனைவி பாடும் பாட்டு என்று நீண்டுகொண்டே போகும். உச்சியில் உட்கார்ந்து காதைத் தீட்டினால் இன்றும் ஊர் மேலே ஏறிவருகிறது. டிராக்டர், கோயில் ஒலிபெருக்கி, எங்கோ ஆடு கத்துவது. அரைமணி நேரம் போதும். அதற்குமேல் உட்கார்ந்தால் தசை இறுகி, இறங்கும்போது முழங்கால் மடங்காது. இரவு தங்கும் எண்ணத்தோடு வர வேண்டாம்.

இறக்கம்

விபத்துக்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் இறக்கம்தான். தரிசனம் ஆயிற்று என்ற நிறைவில் கவனம் தளர்ந்திருக்கும், காலும் ஓய்ந்திருக்கும். சங்கிலிப் பகுதியில் பாறையைப் பார்த்தபடி, ஏறியதுபோலவே, பின்னோக்கி இறங்குங்கள். முகத்தை வெளிப்புறம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து சறுக்குகிறவர்களைப் பார்த்து அப்படிச் செய்யாதீர்கள். கல்பாதையில் ஒரு கைத்தடி முழங்காலுக்குப் பெரிய உதவி. அடிவாரத்திலேயே மூங்கில் தடி ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சங்கிலி தொடங்கும் இடத்தில் ஓரமாக வைத்துவிட்டு ஏறித் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் படிகளில் நேராக இறங்காமல் சற்றுச் சாய்வாக, ஒரு படிக்கு இடப்புறம், அடுத்ததற்கு வலப்புறம் என்று இறங்கினால் முழங்கால் வலி குறையும்.

வழி தவறிவிட்டால் என்ன செய்வது? கீழே ஊர் தெரிகிறதே என்று நேராகச் சரிவில் இறங்குவதுதான் மிக மோசமான முடிவு. கண்ணுக்குத் தெரியும் ஊருக்கும் உங்களுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பாறை விளிம்பு இருக்கும். வந்த தடத்திலேயே கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அதுவும் முடியாவிட்டால், மலைபடுகடாம் கூத்தர்களுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்: அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் ஒன்றாகக் கூடி நின்று வாத்தியங்களை முழக்குங்கள், கேட்டுக் கானவர் வந்து அச்சம் தீர்த்து வழி காட்டுவார்கள் என்கிறது அது. உங்களிடம் முழவும் யாழும் இருக்காது. ஒரு விசில் இருக்கலாம். திறந்த பாறையில் நின்று மும்மூன்று முறையாக ஊதுங்கள். இடம் மாறாதீர்கள். கைப்பேசியில் சமிக்ஞை கிடைத்தால் 112-ஐ அழையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை குறைவுதான். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வழியில் கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். புளிச்சோறு, கடலை மிட்டாய், எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பு. டார்ச், பகலில் ஏறினாலும். ஒரு விசில். கட்டுத்துணியும் மருந்தும். சூடம் ஏற்றுவதாக இருந்தால் கோயிலில் மட்டும். மாசிக்கு மேல் காய்ந்த புல்லில் ஒரு தீப்பொறி போதும், சரிவே எரிந்துபோகும். காலிப் புட்டிகளை எடுத்துக்கொண்டே இறங்குங்கள். இதய நோய், மூட்டுத் தேய்மானம், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வரக்கூடாது. அவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் மலையடியைச் சுற்றிவரும் கிரிவலம் இருக்கிறது. மார்கழி முதல் நாளில் சுற்றுவது விசேஷம்.

மதியம் மூன்றுக்குள் அடிவாரம் வந்துவிட்டால் பொழுது மிச்சம் இருக்கும். சேயாற்றங்கரையின் ஏழு கரைகண்டீஸ்வரர் கோயில்களில் ஒன்று மலையடியிலேயே தென்மாதிமங்கலத்தில் இருக்கிறது. மறுநாளும் கையில் இருந்தால் செங்கத்துக்குப் போங்கள். அந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டிருக்கிறது. வழியோரத்து நடுகற்களைத் தொழுதுவிட்டுப் போங்கள் என்று பெருங்கௌசிகனாரும் சொல்லியிருப்பதால், அவற்றை எங்கே பார்க்கலாம், எந்த ஊரில் யாரிடம் கேட்கலாம் என்பதை அடுத்த அத்தியாயத்தில் ஊர்வாரியாகத் தந்திருக்கிறேன்.